எண்ணெய் எங்கே ஓடிவிடப் போகிறது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு அமெரிக்காவின் நார்த் டகோட்டாவில் எண்ணெய் எடுக்க அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்களே, அப்படி என்ன அவசரம்? எண்ணெய் பூமிக்குள்தானே இருக்கிறது, ஓடியா விடும்? (ஈரோடு வாசகர்)

பதில்: எண்ணெய் ஓடாது, குத்தகை ஓடிவிடும். அங்கே நிலத்தடி உரிமை பெரும்பாலும் தனியார் கையில். குத்தகைக்கு எடுத்த கம்பெனி பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கிணறு போட்டு எண்ணெய் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கொடுத்த பணம் போனது போனதுதான். எடுத்துவிட்டாலோ எண்ணெய் வரும்வரை உரிமை நிலைக்கும். அதனால் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள்.

எண்ணெய் அடைந்து கிடந்த அந்தப் பாறையும் லேசுப்பட்டதில்லை. பாக்கன் என்று பெயர். அந்த மாநிலத்து டியோகா ஊர்ப் பக்கம் 1951லேயே எண்ணெய் கிடைத்த பூமிதான், ஆனால் பாக்கன் பாறை ரொம்ப இறுக்கம். சுமார் இரண்டு மைல் கீழே போய், அங்கிருந்து திரும்பிப் படுக்கைவாட்டில் இன்னும் இரண்டு மைல் துளைத்து, தண்ணீரையும் மணலையும் ரசாயனத்தையும் அழுத்தத்தோடு செலுத்திப் பாறையைப் பிளந்தால்தான் எண்ணெய் வெளியே வரும். வந்தாலும் முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் குறைந்துவிடும், ஆக இருக்கிற அளவைக் காப்பாற்றவே புதுக் கிணறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2008ல் மாநிலம் முழுக்க ஒரு நாளைக்கு 2 லட்சம் பீப்பாய்கூட இல்லை, 2014ல் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கூடவே வரும் எரிவாயுவுக்குக் குழாய் போடக்கூடப் பொறுமையில்லாமல், ஒரு கட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அங்கேயே கொளுத்தினார்கள்!

கேள்வி: வேலைக்குப் போனவர்கள் வாரிக் குவித்தார்களாமே? (மதுரை வாசகி)

பதில்: குவித்தவர்கள் உண்டு. லாரி ஓட்டியே வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் எண்ணெய் வேலைக்கு ஆட்கள் குவிந்த வில்லிஸ்டன் 2010 கணக்கெடுப்பில் வெறும் 14,716 பேர் இருந்த ஊர், வந்து குவிந்தவர்களுக்கு வீட்டுக்கு எங்கே போவது? வால்மார்ட் கடை வாசலில் வண்டிக்குள்ளேயே தூங்கினார்கள், குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி போகிற ஊரில். 2014 வாக்கில் ஒரு படுக்கையறை வீட்டின் வாடகை மாதம் 2,000 டாலருக்கு மேல். கம்பெனிகள் வரிசையாகப் பெட்டி வீடுகளை இறக்கி 'மேன் கேம்ப்' என்ற தொழிலாளர் முகாம் போட்டன. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், சாப்பாடு, தூக்கம், மறுபடி ஷிப்ட்.

சாவும் கூடவே வந்தது. 2012ல் நார்த் டகோட்டாவில் ஒரு லட்சம் தொழிலாளருக்கு 17.7 பேர் வேலையில் இறந்தார்கள், நாடு முழுக்கப் பார்த்தால் 3.4தான். கிணறு வெடிப்பதும் லாரி மோதுவதும்தான் நமக்குத் தோன்றும். என்னை உலுக்கியது வேறு ஒன்று. தொட்டியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஓர் ஆள் தனியாக மேலே ஏறி, மூடியைத் திறந்து, குனிந்து அளவு நாடாவை உள்ளே விடுவார். திறந்ததும் அடைபட்டிருந்த ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும். பிராணவாயு கிடைக்காமல் சிலர் அங்கேயே விழுந்துவிட்டார்கள். 2010 முதல் 2014 வரை தொட்டியருகே இப்படி ஒன்பது சாவுகளைப் பல மாநிலங்களிலிருந்து அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். அவற்றில் சில, முதலில் வெறும் மாரடைப்பு என்றே எழுதப்பட்டவை. பக்கத்தில் இன்னொருவரை நிறுத்த என்ன பெரிய செலவு ஆகியிருக்கும், சொல்லுங்கள்?

கேள்வி: அந்தச் சமயம் வாய்ப்பு வந்திருந்தால் நீங்கள் போயிருப்பீர்களா? (நெல்லை வாசகர்)

பதில்: ரிக்கில், அதாவது கிணறு துளைக்கும் கோபுரத்தில், ஏற ஆசையில்லை. 2012ல் அங்கே வாடகைக்கு விட இரண்டு அறை இருந்திருந்தால் யோசித்திருப்பேன், அதையும் 2014 கோடைக்குள் விற்றிருக்க வேண்டும். 2016 ஜனவரியில் எண்ணெய் விலை பீப்பாய்க்கு 30 டாலருக்குக் கீழே போய், புதிதாகக் கட்டிய குடியிருப்புகள் காலியாகக் கிடந்தன.