இடிந்த முப்பது அடியை விட, உயர்த்திய இரண்டடியே ஆபத்து

கேள்வி: திருமயம் கோட்டைக்கு அருகே எங்கள் குடும்ப அறக்கட்டளைக்குச் சொந்தமான பழைய சத்திரமும், அதைச் சுற்றி ஒன்பதடி உயரமுள்ள கல் மதிலும் உள்ளன. இடம் எங்கள் பட்டாவில்தான் இருக்கிறது. கோட்டைச் சுவரிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 80 மீட்டர் தூரம். மதில் கோட்டையின் வெளிமதிலில் எஞ்சிய பகுதி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைப் பழமை மாறாமல் சீரமைக்க, கோட்டை வேலைகளில் அனுபவம் உண்டு என்று படங்களைக் காட்டிய ஒப்பந்ததாரர் ஒருவரிடம் மொத்தமாக 28 லட்சம் ரூபாய்க்கு வேலையை ஒப்படைத்தோம். அப்பச்சி காலத்திலிருந்து பழகிய குடும்பம் என்பதால் நம்பினோம். அவர் சுண்ணாம்புக்குப் பதிலாகச் சிமெண்ட் வைத்துப் பூசினார். பாதுகாப்புக்காக நாங்கள் கேட்டுக்கொண்டபடி மதிலை இரண்டடி உயர்த்தியும் கட்டினார். ஐப்பசி மழையில் முப்பது அடி நீளத்துக்கு மதில் சரிந்துவிட்டது. பழைய கற்களில் பாதியைச் செதுக்கித் தருவதாகத் தம் பட்டறைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். 19 லட்சம் கொடுத்துவிட்டோம். இப்போது மீதி 9 லட்சத்தைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஊர்ப் பொதுவில் எங்களை அவமானப்படுத்தியும் பேசுகிறார். பங்காளிகள் என்னைக் குற்றம் சொல்கிறார்கள். அவர் மீது மோசடிப் புகார் கொடுத்து, கொடுத்த பணத்தையும் நஷ்ட ஈட்டையும் வாங்க வேண்டும். வழி சொல்லுங்கள்.
– அறக்கட்டளைச் செயலர், செட்டிநாடு

பதில்:

தங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அந்த மனிதரின் துரோகத்தைப் பற்றியது. குடும்பப் பழக்கம், ஊர்ப் பொதுவில் நடந்த பேச்சு, பங்காளிகளின் குற்றச்சாட்டு ஆகிய எவற்றுக்கும் இந்த வழக்கில் சட்ட மதிப்பு இல்லை. சிமெண்டா சுண்ணாம்பா என்ற கேள்விகூட இரண்டாம் இடத்துக்குத்தான் வரும். தாங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் வழக்கின் உயிர்நாடி: கோட்டையிலிருந்து 80 மீட்டர் தூரத்தில், தங்கள் விருப்பப்படியே, ஒரு பழைய மதில் இரண்டடி உயர்த்திக் கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு அனுமதி வாங்கியதாகத் தங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

இராமநாதபுரம் சேதுபதி 1687-இல் கட்டிய திருமயம் கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958-ஆம் ஆண்டின் தொன்மை நினைவுச் சின்னங்கள் சட்டம், 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து எல்லாத் திசைகளிலும் 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சுவரிலிருந்து டேப் பிடித்து அளப்பது வழக்கத்தில் உள்ள தவறு. கோட்டையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த அரசு அறிவிக்கையில் குறிக்கப்பட்ட சர்வே எண்களின் எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும் என்பதால், தாங்கள் சொல்லும் 80 மீட்டர் உண்மையில் இன்னும் குறைவாகவும் இருக்கலாம். பட்டா தங்கள் பெயரில் இருப்பது உரிமையைக் காட்டுமே தவிர, இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து தங்களை விடுவிக்காது.

16-6-1992-க்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும், தகுதிவாய்ந்த அதிகாரியிடம் விண்ணப்பித்து, தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் அனுமதி பெற அதே சட்டத்தின் 20-சி பிரிவு வழி வைத்திருக்கிறது. மதிலைச் சீரமைத்ததோடு தாங்கள் நின்றிருந்தால், அனுமதி வாங்காத குறை மட்டுமே பேசப்பட்டிருக்கும். ஆனால் செங்குத்தாகவோ கிடையாகவோ எதைச் சேர்த்தாலும் அது ‘கட்டுமானம்’ என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தடைசெய்யப்பட்ட பகுதியில் கட்டுமானம் எழுப்பினால் 30-ஏ பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ‘எழுப்புகிறவர்’ என்ற சொல்லின் வீச்சில் வேலை செய்த ஒப்பந்ததாரரும் வருவார், செய்யச் சொன்ன அறங்காவலர்களும் வருவார்கள்.

இன்னொன்றையும் முதலில் சரிபார்த்துவிடுங்கள். கோட்டைக்கு ஒரு காலத்தில் ஏழு மதில்கள் இருந்தன, இன்று நான்கே எஞ்சியிருக்கின்றன என்று சொல்லப்படுவதால், தங்கள் மதிலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதை வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. தங்கள் சர்வே எண் அறிவிக்கையில் இருந்துவிட்டால், அந்த மதிலே பாதுகாக்கப்பட்ட சின்னமாகிவிடும். அப்போது எந்தத் தனியார் ஒப்பந்ததாரரையும் நியமிக்கும் பேச்சுக்கே இடமில்லை. சின்னத்தை மாற்றியதற்கும் சேதப்படுத்தியதற்குமான 30-ஆம் பிரிவு வந்து நிற்கும். அறிவிக்கையின் நகலைப் பார்க்காமல் யாருக்கும் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

இப்போது தாங்கள் போட நினைக்கும் வழக்கை எடுத்துக்கொள்வோம். சட்டத்துக்குப் புறம்பான நோக்கமுடைய உடன்பாடு செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பழைய மதிலைச் சீரமைப்பதற்கு ஒரு தொகை, உயர்த்துவதற்கு வேறொரு தொகை என்று பிரித்து எழுதியிருந்தால், முதற்பகுதியையாவது காப்பாற்ற முயலலாம். தாங்கள் இரண்டையும் சேர்த்து 28 லட்சம் என்று ஒரே தொகையாகப் பேசிவிட்டீர்கள். ஒரே கைம்மாறில் (உடன்பாட்டுக்கு ஈடாகத் தருவதில்) ஒரு பகுதி சட்டவிரோதமாக இருந்தாலும் உடன்பாடு முழுவதும் செல்லாது என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. அளவுக்கு இவ்வளவு என்று வேலை வாரியாக விலை வைக்காமல், நம்பிக்கையின் பேரில் மொத்தத் தொகைக்கு வேலையைக் கொடுக்கும் பழக்கம் நம் பகுதியின் பழைய வீட்டு வேலைகளில் வேரூன்றியிருக்கிறது. அது எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு இழப்பை உண்டாக்கியிருக்கிறது என்பதை நீதிமன்றத்தில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

அவருக்கும் இதே கதிதான். ஒப்பந்தம் செல்லாவிட்டாலும் செய்த வேலைக்குக் கூலி கேட்கலாம் என்று 70-ஆம் பிரிவைக் கொண்டு அவர் வரக்கூடும். ஆனால் அந்தப் பிரிவு சட்டப்படி செய்யப்பட்ட வேலைக்கே பொருந்தும். ஆகவே அவர் கேட்கும் 9 லட்சத்தையும் நீதிமன்றம் எளிதில் கொடுக்காது. இருவரில் எவர் முதலில் நீதிமன்றப் படியேறினாலும், ஏறுகிறவருக்கே நட்டம்.

தகுதி இல்லாதவர் தகுதி இருப்பதாகக் காட்டி ஏமாற்றினார் என்ற வாதமும் தாங்கள் நினைக்கும் அளவுக்கு வலுவானதல்ல. சாதாரண அக்கறையோடு விசாரித்திருந்தால் உண்மையைத் தெரிந்துகொண்டிருக்கலாம் என்ற நிலையில், தவறான எடுத்துரைப்பைக் காட்டி ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. படத்தில் உள்ள கோட்டைக்கு ஒருமுறை போய் விசாரித்தீர்களா என்பதுதான் குறுக்கு விசாரணையில் தங்களைக் கேட்கப்போகும் முதல் கேள்வி. வேண்டுமென்றே செய்த வஞ்சகம் என்று நிரூபித்தால் அந்த விதிவிலக்கைத் தாண்டலாம். ஆனால் சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கியதைப் பார்த்த பிறகும் தாங்கள் பில்லுக்குப் பணம் கொடுத்திருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். மோசடிப் புகாரைப் பொறுத்தவரை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் மனு எழுதலாம். காவல் நிலையத்தில் அது சிவில் விவகாரம் என்று திருப்பியனுப்பப்படலாம். அல்லது விசாரணை தொடங்கி, மதிலை உயர்த்தச் சொன்னது யார் என்ற கேள்வியில் போய் முடியலாம். இரண்டும் தங்களுக்கு உதவாது.

கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி பதில் நோட்டீஸ்தான். கோபத்தில் உட்கார்ந்து நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதுவார்கள். ‘எங்கள் அறிவுறுத்தலின்படி மதிலை உயர்த்தினீர், ஆனால் தரமாகச் செய்யவில்லை’ என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரி பிறகு நீதிமன்றத்தில் ஒப்புதலாக நிற்கும். பிராதில், அதாவது வழக்கு மனுவில், அதையே இன்னும் விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனெனில் என்ன வேலைக்கு எவ்வளவு பணம் கொடுத்தோம் என்று சொல்லாமல் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அந்தப் பிராதின் நகலை எதிர்த்தரப்பு தொல்லியல் துறை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தால், தங்கள் மீதான வழக்குக்குத் தாங்களே சாட்சியம் தயாரித்துக் கொடுத்ததாகிவிடும்.

இதே காரணத்தால், இடிந்த கட்டட வழக்குகளில் எல்லோருக்கும் முதலில் சொல்லும் ஆலோசனையைத் தங்களுக்குச் சொல்லத் தயங்குகிறேன். வழக்கமாக, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் கட்டளை 9-ஆம் விதியின்படி நீதிமன்றத்தின் சார்பில் இடத்தைப் பார்வையிடும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் செய்து, சரிந்த நிலையைப் பதிவு செய்துவிட வேண்டும். இங்கே அந்த ஆணையரின் அறிக்கை சிமெண்ட் பூச்சை மட்டும் பதிவு செய்யாது. ஒன்பதடிக்கு மேல் புதுக்கல் ஏறியிருக்கும் உயரத்தையும் அளந்து எழுதும்.

இரண்டாவது குழி, மழை நின்றவுடன் வேறொரு கொத்தனாரைக் கூட்டிவந்து சரிந்த முப்பது அடியைக் கட்டிவிடுவது. பங்காளிகளின் வாயை அடைக்க இதைச் செய்யத் தோன்றும், செய்ய வேண்டாம். முன் இருந்த அதே நீள உயரத்தில் எழுப்பினாலும் அது பழுதுபார்ப்பாக அல்ல, மறுகட்டுமானமாகவே பார்க்கப்படலாம். 20-சி பிரிவு தடைசெய்யப்பட்ட பகுதியில் பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் மட்டுமே இடம் தருகிறது. மதில் இன்னும் சரியாமல் தடுக்கச் சவுக்குக் கம்பை முட்டுக் கொடுப்பதும் மணல் மூட்டை அடுக்குவதும் வேறு விஷயம்; அதையும் எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். 19 லட்சம் திரும்பி வரும் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். அவர் 9 லட்சத்தை விடுவது, தாங்கள் 19 லட்சத்தை விடுவது என்ற அளவில் முடிந்தாலே அது தங்களுக்கு நல்ல முடிவு. பணத்தைவிட மேலான ஒன்று அவர் பட்டறையில் கிடக்கிறது. அந்தப் பழைய கற்கள் இல்லையென்றால், சரிந்த பகுதியை எந்த அதிகாரியிடமும் பழுதுபார்ப்பு என்று வாதாட முடியாது. புதுக்கல்லில் எழுப்புவது புதுச்சுவராகவே பார்க்கப்படும். வேலை தொடங்கும் முன் அவர் எடுத்த படங்களும் முக்கியம், ஏனெனில் 1992-க்கு முன்பே மதில் இருந்தது என்பதையும் அதன் உயரம் ஒன்பதடி என்பதையும் பழைய கிரயப் பத்திரம், புல வரைபடம் ஆகியவற்றோடு சேர்த்து அவைதான் நிரூபிக்கும். கற்களை எண்ணி, படமெடுத்து, இடத்தில் இறக்கிய பிறகே சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தப் பத்திரத்தில் ஒரு வாசகம் மட்டும் வரக்கூடாது: ‘இரு தரப்பும் தொல்லியல் துறையில் புகார் செய்யமாட்டோம்.’ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதும் முச்சலிக்காக்களில் (உடன்படிக்கைப் பத்திரங்களில்) நல்லெண்ணத்தோடு இதைச் சேர்த்துவிடுகிறார்கள். குற்ற நடவடிக்கையை அமுக்க ஒப்புக்கொள்வது பொதுநலனுக்கு விரோதம் என்பதால், அந்த ஒரு வாசகம் சமரசம் முழுவதையும் செல்லாததாக்கிவிடலாம். பாதுகாப்பான வழி, வழக்குக்கு முந்தைய மத்தியஸ்தம். கட்டுமான ஒப்பந்தத் தகராறு 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் வரையறைக்குள் வரும்; அவசர இடைக்காலப் பரிகாரம் கேட்காத வழக்குக்கு முன்னால் 12-ஏ பிரிவின் மத்தியஸ்தம் கட்டாயம். அங்கே எட்டும் தீர்வுக்கு நடுவர் தீர்ப்பின் மதிப்பு உண்டு. தாங்கள் செயலர் மட்டுமே. அறங்காவலர்கள் அனைவரும் கூடித் தீர்மானம் போடாமல் அறக்கட்டளைப் பணத்தை விட்டுக்கொடுத்தால், நாளை ஒரு பங்காளி தங்கள் சொந்தப் பொறுப்பில் அந்தத் தொகையைக் கேட்பார்.

சமரசம் தொல்லியல் சட்டத்தின் கீழான பொறுப்பைத் தீர்க்காது. அதைத் தீர்க்கும் வழி ஒளிவது அல்ல. இரண்டடி உயர்வை அகற்ற ஒப்புக்கொண்டும், பழைய மதிலைப் பழுதுபார்க்க அனுமதி கேட்டும் தாங்களே தகுதிவாய்ந்த அதிகாரியிடம் செல்லுங்கள். அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லையும், குற்ற வழக்குகளும் தெரிந்த ஒரு வழக்கறிஞர் எழுத வேண்டும். அகற்றும் வேலையையும் அவர்கள் சொல்லும் முறையில்தான் செய்ய வேண்டும். கடப்பாரையோடு தாமாக இறங்கினால் அடியில் உள்ள பழைய கல்லும் பெயரும். விண்ணப்பத்தை அதிகாரி 15 நாளில் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் இரண்டு மாதத்தில் பரிந்துரை சொல்ல வேண்டும், அதன்பின் ஒரு மாதத்தில் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும் என்று சட்டம் கால வரையறை வைத்திருக்கிறது. அடுத்த ஐப்பசிக்கு முன் வேலை முடிய வேண்டுமென்றால் இப்போதே தொடங்குங்கள்.

அனுமதி வந்த பிறகு வேறொருவரை நியமிக்கும்போது, அனுமதிக் கடிதத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாக்கி, அதற்கு மீறிய எந்த வேலைக்கும், அறங்காவலரே வாயால் சொன்னாலும், பணம் கிடையாது என்று எழுதுங்கள். மரபுக் கட்டட வேலை தெரிந்த கட்டடக் கலைஞர் ஒருவர் மேற்பார்வையிட்டு அளவைப் புத்தகத்தில் கையெழுத்திட்டால்தான் பில் என்று வையுங்கள். சுண்ணாம்பை எத்தனை நாள் நீற்றுவது, கடுக்காயும் பனைவெல்லமும் எந்த அளவு, சிமெண்ட் அறவே கூடாது என்பவை பேச்சில் அல்ல, பத்திரத்தில் இருக்க வேண்டும். நடுவில் சல்லிக்கல் நிரப்பிய மதிலில் சிமெண்ட் பூசினால் உள்ளே இறங்கும் நீர் வெளியேற வழியின்றி மதிலைத் தள்ளும். நீர் வடியும் துளைகளுக்குத் தனி விலை போடுங்கள். முதலில் ஐந்தடி நீளத்துக்கு மாதிரி வேலை செய்யச் சொல்லி, அது ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே மற்றதைத் தொடங்க வேண்டும். வேலைக்கு வரும் மேஸ்திரியின் பெயரை எழுதி, அவரை மாற்றத் தங்கள் ஒப்புதல் வேண்டும் என்றும் சேருங்கள், ஏனெனில் தகுதியைக் காட்டி வேலையைப் பிடிப்பவர் ஒருவர், கல்லைத் தொடுபவர் வேறொருவர் என்பதே இத்தொழிலின் பெரிய நோய். பில்லில் பிடித்து நிறுத்திவைக்கும் தொகையை ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகே விடுவியுங்கள்.

வந்திருக்கும் நோட்டீஸுக்கு அதில் குறித்த கெடுவுக்குள் ஒரு பத்தியில் பதில் போதும்: கோரிக்கை மறுக்கப்படுகிறது, தங்கள் வசம் உள்ள எங்கள் கற்களை உடனே திருப்பித் தர வேண்டும், மத்தியஸ்தத்துக்குத் தயாராக இருக்கிறோம். மதிலின் உயரத்தைப் பற்றி அதில் எதுவும் வேண்டாம்.