கோழிக் கோப்பை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

சீனப் பீங்கான் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு இணையத்தில் தேடிப் பார்த்தேன். 2014-ல் ஹாங்காங்கில் ஒரு சின்னக் கோப்பை 28 கோடி ஹாங்காங் டாலருக்கு ஏலம் போயிருக்கிறது. வாங்கியவர் அதில் தேநீர் ஊற்றிக் குடிக்கும் படமும் கிடைத்தது. கோப்பையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சேவல், ஒரு கோழி, சில குஞ்சுகள். சின்னப் பிள்ளை கலர் அடித்தது மாதிரி இருக்கிறது. பேரரசருக்குச் செய்தது என்றால் டிராகனும் தங்கமுமாக இருக்க வேண்டாமா? நான் திருப்பூரில் துணி பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். எங்கள் டிசைனர் இதைவிட நன்றாக வரைவார். பணக்காரர்களின் போட்டி என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

பி.கு.: எங்கள் முதலாளி சீனா போய் வந்தபோது இதே மாதிரி ஒரு கோப்பை வாங்கி வந்திருக்கிறார். அடியில் ஆறு சீன எழுத்துகள் இருக்கின்றன.

– ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

விலையை முதலில் தள்ளி வைத்துவிடுவோம். அதை வைத்துக் கோப்பையைப் பார்க்க ஆரம்பித்தால் கோப்பை கண்ணில் படாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், இந்த மோகம் நேற்று வந்தது கிடையாது. மிங் வம்சத்துச் செங்ஹுவா பேரரசரின் ஆட்சியில், 1465-க்கும் 1487-க்கும் இடையே செய்த கோப்பை இது. அடுத்த நூற்றாண்டில் வான்லி பேரரசரின் காலத்திலேயே ஒரு ஜோடியின் விலை 1 லட்சம் காசு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் சியென்லுங் பேரரசர் இதைப் பற்றிக் கவிதை எழுதி, தன் காலத்துப் பீங்கானில் பொறிக்கவும் வைத்தார்.

சரி, கோப்பைக்கு வருவோம். நீங்கள் பிரிண்டிங்கில் இருப்பவர் என்பதால் உங்களுக்குச் சொல்வது எளிது. அவுட்லைன் ஒரு தடவை, கலர் இன்னொரு தடவை என்று போட்டால், கலர் இம்மி நகர்ந்தாலும் துணி வீண் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கோப்பையில் அந்த இரண்டு வேலைக்கும் நடுவே ஒரு சூளை இருக்கிறது.

ஜிங்தெஜென் நகரத்து அரசுச் சூளையில் செய்தது இது. கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும் பொடித்த கல்லும் கலந்து, கையில் எடுத்தால் எடையே தெரியாத அளவுக்கு மெல்லியதாக வனைகிறார்கள். காய்ந்த பிறகு, சுடாத மண்ணின் மேலேயே, சுட்டால் நீலமாகும் கோபால்ட் கரைசலில் கோடு போடுகிறார்கள். பச்சை மண் தூரிகையின் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சிவிடும். தயங்கினால் அந்த இடத்தில் திட்டு விழும், அழிக்க வழியில்லை. போடும்போது கோடு நீலமாகக்கூடத் தெரியாது, மங்கிய சாம்பல் கறுப்பாக இருக்கும். கோட்டின் மேல் கண்ணாடிப் பூச்சைக் கொடுத்து ஏறத்தாழ 1300 டிகிரியில் சுடுகிறார்கள். நீலம் அப்போதுதான் வெளியே வருகிறது. இந்தக் கட்டத்தில் வெள்ளைக் கோப்பையில் கோழியின் வெறும் நீலக் கோட்டுருவம்தான் இருக்கும். அப்புறம் அந்தக் கோட்டுக்குள் பூச்சின் மேலே சிவப்பு, பச்சை, மஞ்சள் எனாமலை நிரப்பி, மறுபடியும் ஏறத்தாழ 800 டிகிரியில் சுடுகிறார்கள். கீழே உள்ள நீலமும் மேலே உள்ள நிறமும் ஒன்றோடொன்று மோதிச் சேர்வதால் இந்த வேலைக்குத் தௌசாய் என்று பெயர்.

தைபேயில் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் ஒரு கோழிக் கோப்பையின் முன்னால் வெகுநேரம் குனிந்து நின்றிருக்கிறேன். வாய் 8 சென்டிமீட்டர் அகலம்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தாய்க்கோழி தலையைத் தாழ்த்தி ஒரு பூச்சியைக் கொத்துகிறது, குஞ்சுகள் அதைச் சுற்றி நிற்கின்றன, பக்கத்தில் பாறையும் பூச்செடியும். நிறம் மெல்லிய படலமாக இருப்பதால் அடியில் ஓடும் நீலக் கோடு அதன் வழியாகத் தெரிகிறது. சில இடங்களில் நிறம் கோட்டைத் தாண்டியும் இருக்கிறது. அந்த ஒரு நடுக்கத்தில்தான் குஞ்சுக்கு உயிர் வந்தது என்று எனக்குத் தோன்றியது. பிற்காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில் யோங்செங் பேரரசரின் ஆட்சியில் செய்த நகல்கள் இதைவிடக் கச்சிதமானவை. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

சின்னப் பிள்ளை கலர் அடித்தது மாதிரி என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. செங்ஹுவா காலத்துப் படத்தில் ஆட்களுக்கு நான்கு பருவத்துக்கும் ஒற்றை உடைதான், இலைக்குப் பின்பக்கமே கிடையாது என்று சீன ரசிகர்கள் சொல்வார்கள். நிழல் காட்டாமல் ஒரே பூச்சாக நிறத்தை நிரப்பினார்கள். அதுதான் அந்தக் காலத்துக் கை.

டிராகனும் உண்டு. ஐந்து நகம் கொண்ட டிராகன் பேரரசரின் சின்னம், அதே சூளையில் ஏராளமாக வரைந்திருக்கிறார்கள். கோழிக்கும் காரணம் இருக்கிறது. சீன மொழியில் கோழியும் மங்கலமும் ஏறக்குறைய ஒரே ஒலி. குஞ்சுகளோடு கோழி வரைவது மிங்குக்கு முந்தைய சோங் வம்சத்து ஓவியர்களிடமிருந்தே வரும் வழக்கம். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று சொல்லி வளர்ந்த நமக்கு, ஒரு பேரரசர் ஏன் இதைக் கையில் வைத்துக்கொள்ள விரும்பினார் என்பது புரியாமல் போகாது.

என்னை அதிகம் அலைக்கழிப்பது வேறொன்று. 1980-களில் ஜிங்தெஜெனில் ஜூஷான் என்ற இடத்தைத் தோண்டினார்கள். பழைய அரசுச் சூளை இருந்த இடம் அது. கூடை கூடையாக உடைந்த ஓடுகள் வந்தன. குறையுள்ள பாத்திரம் அரண்மனைக்கும் போகக்கூடாது, சந்தைக்கும் போகக்கூடாது என்பதால், வளாகத்துக்குள்ளேயே உடைத்துப் புதைத்திருக்கிறார்கள். அந்த ஓடுகளைப் பொறுக்கி ஒட்டி முழுப் பாத்திரமாக்கிப் பார்த்தால், பலவற்றில் என்ன குறை என்றே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோழிக் கோப்பைகளும் அதில் உண்டு. உலகத்தில் இன்று முழுதாக இருப்பவை 20-க்கும் குறைவு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை குஞ்சுகள் மண்ணுக்குள் போயின என்பதை நினைக்காமல் என்னால் இதைப் பார்க்க முடிவதில்லை.

ஏலத்தில் எடுத்த லியூ யிச்சியன் ஒரு காலத்தில் டாக்ஸி ஓட்டியவர். தேநீர் குடித்ததற்காக அவரைப் பலர் திட்டினார்கள். எனக்குக் கோபமில்லை. மது ஊற்றி உதட்டில் வைக்கத்தான் அந்த விளிம்பை அவ்வளவு மெல்லியதாக இழைத்திருக்கிறார்கள்.

உங்கள் முதலாளியின் கோப்பைக்கு வருகிறேன். அடியில் உள்ள எழுத்தை நம்பாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டுக் காங்ஷி பேரரசரின் ஆட்சியிலேயே செங்ஹுவாவின் ஆட்சிப் பெயர் முத்திரையைத் தாராளமாகப் போட்டார்கள், இன்றும் போடுகிறார்கள். ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு குஞ்சைப் பாருங்கள். படத்தை அச்சடித்து ஒட்டிச் சுட்டது என்றால் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அந்தப் புள்ளியை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். புள்ளி இல்லையென்றால் விரலால் தடவுங்கள். நீலக் கோடு விரலில் தட்டாமல், நிறம் மட்டும் லேசாகத் தட்டினால், இன்றைய ஜிங்தெஜென்காரர் ஒருவர் இரண்டு தடவை சுட்டுச் செய்த வேலையாக இருக்கலாம். அப்படியென்றால் முதலாளியிடம் கேட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.