சட்டப்பேரவை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தமிழ்நாடு சட்டப்பேரவை எப்படி நடக்கிறது என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு வேறு, பேரவை வேறு. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

டிவியில் பார்த்தால் பாதி நாற்காலி காலி. அப்படி நடக்கும் கூட்டம் செல்லுமா?

செல்லும். 10 பேர் அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு, எது அதிகமோ அத்தனை பேர் இருக்க வேண்டும். நம் பேரவைக்கு 234 இடம், அதனால் 24 பேர் போதும்.

நமக்கு மேலவை ஏன் இல்லை?

1986 நவம்பரில் கலைத்துவிட்டார்கள். மறுபடி கொண்டுவர 2010இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அது கிடப்பில் போனது.

எங்கள் ஊருக்கு பஸ் வருவதில்லை. பேரவையில் எழுப்ப முடியுமா?

முடியும், ஆனால் என்னால் அல்ல. உங்கள் எம்.எல்.ஏ.விடம் எழுதிக் கொடுங்கள். அவர் கேள்வி நேரத்துக்கு அனுப்பலாம்.

பட்ஜெட் மசோதாவை மேலவை தடுத்தால் என்ன ஆகும்?

நம்மிடம் மேலவை இல்லை என்று மேலேயே சொன்னேன். இருக்கும் மாநிலங்களிலும் நிதி மசோதாவை 14 நாள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். மற்ற மசோதாக்களை முதல் சுற்றில் 3 மாதமும், பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதமும் இழுக்கலாம். அதற்கு மேல் பேரவை சொன்னதுதான்.

கொறடா உத்தரவை (இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் உத்தரவை) மீறினால் பதவி போய்விடுமாமே?

தானாகப் போகாது. கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் விஷயம் முடிந்தது. இல்லையென்றால் யாராவது சபாநாயகரிடம் மனு கொடுக்க வேண்டும், அவர் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும்.

அது புத்தகப் பேச்சு. 2017இல் அரசை எதிர்த்து ஓட்டுப் போட்ட ஆளுங்கட்சி (அ.தி.மு.க.) உறுப்பினர்கள் 11 பேர் பதவியில்தானே இருந்தார்கள்?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் 122 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு. ரகசிய வாக்கெடுப்பு கேட்டார்கள், கிடைக்கவில்லை. அமளியில் தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லித் தலை எண்ணினார்கள். அந்த 11 பேருக்கும் தகுதியிழப்பு வரவில்லை.

இப்போது மறுபக்கம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆளுங்கட்சியின் வேறு 19 பேர் முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவையில் எதிர்த்து ஓட்டுப் போடவே இல்லை. செப்டம்பரில் அவர்களில் 18 பேரின் பதவி போனது. கட்சி உறுப்பினர் பதவியைத் தாமாகவே கைவிட்டதாகக் கருதினார் சபாநாயகர். உயர்நீதிமன்றத்தில் முதலில் இரு நீதிபதிகள் இரு விதமாகச் சொன்னார்கள், மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் உத்தரவை உறுதி செய்தார்.

அப்படியானால் சபாநாயகர் வைத்ததுதான் சட்டமா?

முழுக்க இல்லை, நீதிமன்றம் போகலாம். ஆனால் எப்போது முடிவெடுப்பது என்பது பெரும்பாலும் அவர் கையில். அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையில், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தில், காலக்கெடு கிடையாது. சாதாரணமாக 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல், மணிப்பூர் வழக்கில் சொன்னது. என் கணிப்பில் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டையே இதுதான். 11 பேர் மீதான மனுவும் அதில்தான் விழுந்தது.

கொறடா உத்தரவு போட்டால் பதவி தானாகவே...

மூன்று பதில் மேலே போங்கள்.

அமைச்சர் மேல் புகார். பேரவைச் செயலகத்துக்கு அனுப்பலாமா?

அரசு வேறு, பேரவை வேறு. அமைச்சரின் துறைக்கு அனுப்புங்கள்.

சபாநாயகருக்கு ஓட்டு உண்டா?

பொதுவாக, இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும்.