பூங்காவில் பொறுக்கிய கொட்டை: துவைக்கலாம், தின்னலாமா?

“ஜெர்மனியில் வசிக்கிறோம். என் மகள் பூங்காவிலிருந்து பை நிறையக் ‘கஸ்தானியே’ பொறுக்கி வருகிறாள். பக்கத்து வீட்டுப் பாட்டி இதில் துணி துவைக்கிறார். காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதற்கும் நல்லது என்கிறார். வறுத்துத் தின்னலாமா? அம்மாவுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வறுக்காதீர்கள். தெருவில் சுட்டு விற்கும் செஸ்நட் வேறு மரத்துக் காய். அதன் நுனி கூராக, சிறு குஞ்சம் வைத்தாற்போல் இருக்கும். மேலோடு முழுக்க ஊசிமுள் அடர்ந்திருக்கும். உங்கள் மகள் கொண்டுவருவது குதிரைச் செஸ்நட் என்றால் கூர்நுனி இராது. எண்ணெய் தேய்த்த தேக்குபோலப் பளபளக்கும், அடியில் வெளிறிய தழும்பு தெரியும். பச்சை மேலோட்டில் குட்டை முட்கள் ஆங்காங்கே நிற்கும். சந்தேகம் வந்தால் இலையைப் பாருங்கள். ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் விரித்த கைபோல் ஒரே காம்பில் நின்றால் அந்தக் கொட்டை வாய்க்கு ஆகாது. அதிலுள்ள எஸ்குலின் என்ற நஞ்சு வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும். நாய்க்கும் ஆபத்து.

துவைக்கும் விஷயத்தில் பாட்டி சொல்வது சரி. நம் பூந்திக்கொட்டையும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டிலும் நுரை தருவது சபோனின் என்ற இயற்கைப் பொருள்தான். ஏழெட்டுக் கொட்டைகளை நறுக்கி, ஒரு பெரிய டம்ளர் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் நீர் பால்போல் கலங்கியிருக்கும். வடிகட்டி அன்றே பயன்படுத்திவிடுங்கள், வைத்தால் கெட்டுவிடும். வெள்ளைத் துணிக்கென்றால் பழுப்புத் தோலை முதலில் சீவிவிடுங்கள், சாயம் ஏறாது.

கஷாயம் வேண்டவே வேண்டாம். இந்த விதையிலுள்ள எஸ்கின் என்ற வேறொரு பொருள் கால் வீக்கத்தையும் வலியையும் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. ஆனால் அவற்றில் கொடுத்தது எஸ்குலின் நீக்கி, அளவு நிர்ணயித்த மாத்திரை. பெரும்பாலும் 50 மில்லிகிராம் எஸ்கின், நாளுக்கு இரண்டு வேளை. அடுப்பங்கரையில் அந்த நஞ்சைப் பிரிக்க வழியில்லை. அம்மா இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால், மாத்திரையைக்கூட மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது இரத்தக் கட்டாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மூட்டுவலி வராது என்று அங்குள்ள பெரியவர்கள் கோட்டுப் பையில் ஒரு கொட்டையை வைத்திருப்பார்கள். வலி போவதற்குச் சான்றில்லை, கெடுதலும் இல்லை. அம்மா ஆசைப்பட்டால் மகள் பொறுக்கியதில் ஒன்றைக் கொடுங்கள்.