கொடுங்கோலனை விரட்ட அயல்நாட்டுப் படை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு கருங்கல் பக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒருமுறை விவாதக் கூட்டம் நடத்துகிறோம். இந்த மாதத் தலைப்பு, 'சொந்த மக்களைக் கொல்லும் ஆட்சியாளனை அகற்ற வெளிநாட்டுப் படை போகலாமா?' நான் 'போகலாம்' அணி. 1971-ல் இந்தியா வங்கத்துக்குப் போனது. 1979-ல் வியட்நாம், கம்போடியாவின் சர்வாதிகாரி 'போல் பாட்'டை விரட்டியது, தான்சானியா உகாண்டாவின் இடி அமீனை விரட்டியது. சட்டம் பேசிக்கொண்டு கைகட்டி நின்றிருந்தால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்பதுதான் என் வாதம். ஆனால் எதிரணி எழுந்து 'ஈராக், லிபியா' என்று இரண்டு பெயர் சொன்னால் நான் உட்கார வேண்டியதுதான். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள். எப்படிப் பேசுவது என்று சொல்வீர்களா?

எஸ்., கருங்கல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மூன்று உதாரணங்களும் நல்லவை. ஆனால் மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னீர்களானால் எதிரணிக்கு வேலை எளிதாகிவிடும்.

1971-ஐ முதலில் பாருங்கள். இந்தியா அங்கே பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானைக் கவிழ்க்கப் போகவில்லை. 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ அவாமி லீக் வென்றிருந்தது. 1971 ஏப்ரல் 17-ல் அவர்களுடைய அரசு பதவியேற்றுவிட்டது. முக்தி வாஹினி என்ற வங்க விடுதலைப் படை மாதக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது, ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்திருந்தார்கள். டிசம்பர் 3-ல் பாகிஸ்தான் நம் விமானத் தளங்களைத் தாக்கியது, 16-ல் டாக்காவில் சரணடைந்தது. 1972 மார்ச்சுக்குள் நம் படை திரும்பிவிட்டது. நாட்டை ஏற்று நடத்த மக்கள் ஓட்டுப் போட்ட ஆட்கள் தயாராக இருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் திரும்ப முடிந்தது. இத்தனை நியாயம் இருந்தும் ஐ.நா. பொதுச் சபையில் 104 நாடுகள் போர் நிறுத்தமும் படை விலக்கமும் கேட்டு வாக்களித்தன. இந்த எண்ணை எதிரணி எடுப்பதற்கு முன் நீங்களே எடுத்துவிடுங்கள்.

உகாண்டாவில் பிரச்சினையே அமீன் போன பிறகுதான். 1978 கடைசியில் தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்தது அமீனின் படை. தான்சானிய அதிபர் நியரேரே திருப்பி அடித்தார். 1979 ஏப்ரல் 11-ல் கம்பாலா விழுந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், மார்ச்சில், மோஷி நகரில் அமீனின் எதிரிகளைக் கூட்டிவைத்து ஓர் இடைக்கால அரசை ஒட்டவைத்திருந்தார்கள். அதில் அதிபரான யூசுப் லூலே 68 நாள்தான் தாக்குப்பிடித்தார். அடுத்து வந்த பினைசா ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. பிறகு அமீனுக்கு முன் ஆண்ட ஒபோட்டே, ஒரு தேர்தல், அதன் முடிவை ஏற்காத ஓர் உள்நாட்டுப் போர். 1986-ல்தான் அடங்கியது. அமீனை விரட்டியது சரி என்றே நான் நினைக்கிறேன். சில வாரங்களில் ஒட்டவைத்த அரசு ஒரு நாட்டைத் தாங்காது என்பதையும் அதே உகாண்டா காட்டுகிறது.

கம்போடியாவைப் பற்றி ஒரு வரி போதும். படுகொலை நின்றது, வியட்நாம் படை 10 வருடம் அங்கேயே இருந்தது.

இனி ஈராக். அங்கே போரில் தோற்கவில்லை, எஸ். 2003 மார்ச் 20-ல் தொடங்கி ஏப்ரல் 9-ல் பாக்தாத் அமெரிக்கப் படையின் கைக்கு வந்துவிட்டது. அடுத்த ஏழு வாரத்தைத்தான் நீங்கள் உன்னிப்பாகப் படிக்க வேண்டும். எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் போட்டார்கள், தேசிய அருங்காட்சியகத்துக்குப் போடவில்லை, கொள்ளை போனது. அல் காகா கிடங்கில் இருந்த 300 டன்னுக்கு மேற்பட்ட வெடிமருந்து காணாமல் போனது. ஏப்ரல் 28-ல் பலூஜாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் படை முகாமிட்டிருந்தது. பள்ளியைத் திறந்துவிடச் சொல்லி ஊர்க்காரர்கள் கூடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் பத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள். கூட்டத்திலிருந்துதான் முதலில் சுட்டார்கள் என்றது படை, இல்லை என்றது ஊர். எது உண்மையாயினும் அந்த ஊர் பிறகு அவர்களுக்கு அடங்கவே இல்லை.

மே 16-ல் அமெரிக்கா அங்கே அமைத்த நிர்வாகத்தின் முதல் ஆணை வந்தது. சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்ட நான்கு படிநிலைகளில் இருந்தவர்களுக்கு அரசு வேலை கிடையாது. வேலைக்காகக் கட்சி அட்டை வாங்கிய தலைமை ஆசிரியர், பொறியாளர், மருத்துவமனை அதிகாரி எல்லோரும் அதில் அடங்கிப்போனார்கள். மே 23-ல் இரண்டாவது ஆணை ராணுவத்தையே கலைத்தது. சுமார் 4 லட்சம் பேர். கையில் ஆயுதப் பயிற்சி, வீட்டில் ஆயுதம், சம்பளம் இல்லை. ஒரு மாதம் கழித்து உதவித்தொகை அறிவித்தார்கள், அதற்குள் பலர் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள்.

ஆள் கணக்கையும் போட்டுப் பாருங்கள். புதிதாகப் பிடித்த நாட்டில் அமைதி காக்க 1000 பேருக்கு 20 காவலர் வேண்டும் என்பது படைத்துறை ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. நம் குமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம். களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை இந்த ஒரு சின்ன மாவட்டத்துக்கே 37,000 பேர் வேண்டும். அவர்களில் தமிழோ மலையாளமோ தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? சோதனைச் சாவடியில் கை காட்டினால் நம் ஆட்டோக்காரருக்கு அது 'நில்' என்று புரியுமா, 'போ' என்று புரியுமா? ஈராக்கில் இந்தக் குழப்பத்திலேயே குடும்பத்தோடு சுடப்பட்டவர்கள் உண்டு. 2.5 கோடி மக்களுக்கு 5 லட்சம் காவலர் தேவைப்பட்ட இடத்தில் அமெரிக்கப் படை ஒன்றரை லட்சம் அளவில்தான் இருந்தது. பல லட்சம் பேர் வேண்டும் என்று போருக்கு முன்பே, பிப்ரவரியில், நாடாளுமன்றக் குழுவில் சொன்னவர் அவர்களுடைய தரைப்படைத் தலைவர் ஷின்செகி. மேலிடம் அதை ஏற்கவில்லை. ஒரு படைவீரர் களத்தில் நிற்க இன்னொருவர் ஓய்விலும் இன்னொருவர் பயிற்சியிலும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால் கணக்கு மூன்று மடங்கு.

லிபியாவில் தவறு வேறு மாதிரி. 2011 மார்ச் 17-ல் பாதுகாப்புச் சபையின் 1973-ம் தீர்மானம் பொதுமக்களைக் காக்க அனுமதி கொடுத்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகள் வாக்களிக்கவில்லை. பெரிய தரைப்படை எதுவும் போகவில்லை, பெரும்பாலும் வானிலிருந்து குண்டுதான். அக்டோபர் 20-ல் கடாபி கொல்லப்பட்டார், மாத இறுதியில் நேட்டோ நடவடிக்கையை முடித்துக்கொண்டது. தெருவில் ஆயுதத்தோடு நின்ற குழுக்களிடம் துப்பாக்கியை வாங்கி வைக்க ஒருவரும் இல்லை. 2014-ல் நாடு மறுபடி உள்நாட்டுப் போருக்குள் போனது. பேச்சுவார்த்தை வழியும் இடையில் அடைபட்டிருந்தது. ஜூனில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடிவாரண்டு போட்ட பிறகு கடாபிக்குப் பத்திரமாகப் போய் உட்கார ஓரிடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. நீதிக்கும் உயிருக்கும் இடையே இப்படி ஒரு கசப்பான பேரம் இருக்கிறது. நான் உயிர்களின் பக்கம் நிற்பேன். கொடுங்கோலன் ஏதோ ஒரு வெளிநாட்டு மாளிகையில் நிம்மதியாகக் கிழவனாவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அந்தக் கதவு திறந்திருக்கட்டும் என்பேன்.

அதனால் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த உதாரணம் நீங்கள் எழுதாத காம்பியா. 2016 டிசம்பர் 1 தேர்தலில் அதிபர் ஜாமே தோற்றார். தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒரு வாரத்தில் பல்டி அடித்தார். வென்ற அடாமா பாரோ 2017 ஜனவரி 19-ல் பக்கத்து நாடான செனகலில், தங்கள் தூதரகத்திலேயே பதவியேற்றார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப் படை எல்லையைத் தாண்டியது. காம்பியாவின் ராணுவத் தளபதி சண்டை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கினி, மொரிட்டானியா அதிபர்கள் நேரில் போய்ப் பேசினார்கள். 21-ந் தேதி ஜாமே விமானம் ஏறி எக்குவடோரியல் கினிக்குப் போய்ச் சேர்ந்தார். ஓட்டு வாங்கியவர் இருந்தார், அக்கம்பக்கத்து நாடுகள் ஒன்றாக நின்றன, சொந்த ராணுவம் விலகிக்கொண்டது, போக ஓர் இடமும் இருந்தது. இந்த நான்கும் இருந்தால் நான் உங்கள் அணி. இல்லையென்றால் எதிரணி.

செலவுக் கேள்வியையும் விடாதீர்கள். இதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1805 உடன்படிக்கைப்படி கம்பெனிப் படைக்காகத் திருவிதாங்கூர் வருடம் 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. அதற்கு இணங்கிய தலக்குளம் வேலுத்தம்பி தளவாய்தான், பாக்கி ஏற ஏற கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலேயின் நெருக்கடியில் சிக்கி, கடைசியில் அதே கம்பெனிக்கு எதிராக ஆயுதம் எடுத்து 1809-ல் உயிரை விட்டார். காவலுக்கு வந்த படை பிறகு பாக்கிப் பணத்தை வைத்தே நாட்டை நடத்தும்.

வளைகுடாக் குடும்பங்களிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். 1990-ல் குவைத் விழுந்தபோது ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்களைப் பெரும்பாலும் ஜோர்டானின் தலைநகர் அம்மான் வழியாகக் கொண்டுவந்தார்கள். 2011-ல் லிபியாவிலிருந்து 15,000-க்கு மேல். இவர்கள் உயிரோடு வந்தார்கள் என்று சொல்லி நிறுத்தாதீர்கள். வராத சம்பளம், முதலாளி கையில் சிக்கிய பாஸ்போர்ட், ஊரில் ஏறும் வட்டி, இதெல்லாம் அந்தக் கூட்டத்தில் இருப்பவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். படை போகலாம் என்கிறவர், போவதற்கு முன் அங்கிருக்கும் கூலித் தொழிலாளிகளுக்கும் விசைப்படகில் வேலை பார்ப்பவர்களுக்கும் வெளியேற வழியும் நாளும் குறித்திருக்க வேண்டும். அதை உங்கள் அணியின் நிபந்தனையாகவே வையுங்கள்.

'அப்படியானால் சாகட்டும் என்று விட்டுவிடலாமா?' என்று உங்கள் அணியிலேயே ஒருவர் கேட்பார். விட முடியாது. அகதிக்கு எல்லையைத் திறப்பது, ஆயுத விற்பனையை நிறுத்துவது, தேர்தலில் வென்றவரை உடனே அங்கீகரிப்பது, ராணுவத்தின் நடுமட்ட அதிகாரிகளுக்குத் தண்டனை இராது என்று முன்கூட்டியே உறுதி கொடுப்பது எல்லாம் படை கிளம்பும் முன் செய்யக்கூடியவை. கடைசியில் சொன்னதைத்தான் ஈராக்கில் தலைகீழாகச் செய்தார்கள்.

பேசும்போது காம்பியாவில் தொடங்குங்கள். வங்கத்தை இரண்டாவதாக வைத்து, ஈராக்கை நீங்களே மூன்றாவதாக எடுங்கள். மே 16, மே 23 இரண்டு தேதிகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உகாண்டாவைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்.