கல்லூரியில் படிக்காதவர்களுக்கும் ஏன் இந்தக் கால்பந்து வெறி?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்கூட ஒரு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணிக்காக மல்லுக்கட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மாநிலத்துக்கென்று என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) அணி கிடையாது. கூடைப்பந்து, பேஸ்பாலிலும் பெரிய லீக் அணி இல்லை. அதனால் ஊர்ப்பற்று முழுவதும் இரண்டு பல்கலைக்கழகங்கள் மேல் இறங்கிவிட்டது: டஸ்கலூசாவில் உள்ள அலபாமா, கிழக்கே ஆபர்ன். அப்பா எந்தப் பக்கமோ, பிள்ளையும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அப்புறம் படிப்பு எங்கே நடந்தால் என்ன?

இரண்டும் மோதும் ஆட்டத்தின் பெயர் அயர்ன் பவுல். அதே மாநிலத்தின் பர்மிங்காம் நகர இரும்புத் தொழிலை வைத்து வந்த பெயர். 1893இல் தொடங்கி, 1907க்குப் பிறகு வீரர்களின் செலவுப் படி, நடுவர் தேர்வு போன்ற தகராறுகளில் நின்றுபோனது. மறுபடி ஆடியது 1948இல். நாற்பது வருடக் கோபம்! ஆபர்ன் தன் சொந்த ஊரில் இந்த ஆட்டத்தை முதன்முதலாக நடத்தியதே 1989இல்தான்.

வெறி எதுவரை போகும்? ஜெயித்தால் ஆபர்ன் ரசிகர்கள் தங்கள் ஊரின் டூமர்ஸ் கார்னர் என்ற தெருமுனையில் உள்ள ஓக் மரங்கள் மேல் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசிக் கொண்டாடுவார்கள். 2010இல் 24-0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன் 28-27 என வென்றது. பொறுக்க முடியாத ஓர் அலபாமா ரசிகர் அந்த மரங்களுக்கு விஷம் வைத்து, பிறகு சிறைக்கும் போனார். மரங்கள் பிழைக்கவில்லை. 2013இல் அவற்றை வெட்டி, பின்னர் புதிய ஓக் மரங்களை நட்டார்கள்.