ஆண் பிள்ளை பாவைப்பிள்ளையோடு விளையாடலாமா?

கொக்குவிலில் இருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: “என் மகனுக்கு 4 வயது. கனடாவில் இருந்து மாமி அக்காவுக்கென்று அனுப்பிய பாவைப்பிள்ளையை அவன்தான் வைத்திருக்கிறான். அதற்குக் குளிக்க வார்க்கிறான், ஏணையில் போட்டு ஆட்டுகிறான், சில வேளை ஏசி அடிக்கவும் செய்கிறான். ‘ஆம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன விளையாட்டு’ என்று அப்பப்பா பறித்து வைத்துவிடுகிறார். 7 வயது மகள் அதை இப்போது தொடுவதேயில்லை. எனக்கு மூன்று மாதத்தில் இன்னொரு பிள்ளை பிறக்க இருக்கிறது. மகனைத் தடுக்க வேண்டுமா?”

தடுக்க வேண்டியதில்லை, பறித்து வைத்ததை இன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம். பொம்மையோடு விளையாடுவதால் ஆண் பிள்ளையின் இயல்பு மாறிவிடும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

ஒன்றரை வயதளவில் பிள்ளை வெறும் கோப்பையைத் தன் வாயில் வைத்துக் குடிப்பதாகப் பாவனை செய்யும். பிறகு அதே கோப்பையைப் பொம்மையின் வாயில் வைக்கும். இரண்டு வயதைக் கடக்கையில், பொம்மைக்கே பசிக்கிறது, பொம்மைக்கே பயமாயிருக்கிறது என்று சொல்லத் தொடங்கும். தன்னைவிட்டு வெளியே வந்து, இன்னொருவருக்கும் ஒரு மனம் உண்டு என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் இவ்வாறுதான் விளையாட்டில் வெளிப்படுகிறது. அந்த மற்றவர் தன்னைவிட வேறு விதமாக நினைக்கலாம் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு 4 வயதளவில்தான் பிடிபடுகிறது. இதைச் சோதிப்பதற்கு 1985இல் உளவியலாளர்கள் கையாண்ட புகழ்பெற்ற முறையிலும் இரண்டு பொம்மைகளே வருகின்றன. ஒன்று தன் மாபிளைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போக, மற்றது அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறது. திரும்பி வரும் பொம்மை மாபிளை எங்கே தேடும் என்று பிள்ளையிடம் கேட்கிறார்கள். ‘கூடைக்குள்’ என்று சொல்லும் பிள்ளைக்கு, தான் அறிந்தது அந்தப் பொம்மைக்குத் தெரியாது என்பது பிடிபட்டிருக்கிறது. உங்கள் மகன் சரியாக அந்த வயதில் நிற்கிறான்.

பிரித்தானியாவின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 4 முதல் 8 வயது வரையான 33 பிள்ளைகள் விளையாடும்போது அவர்களது மூளையின் செயற்பாட்டை அளந்தார்கள். பிறரைப் புரிந்துகொள்வதோடு தொடர்புடைய மூளைப் பகுதி, பிள்ளை தனியே பொம்மையோடு விளையாடும்போதும் இயங்கியது. தனியே டப்லெட்டில் விளையாடும்போது அது அவ்வளவாக இயங்கவில்லை. ஆண், பெண் இருபாலாரிடமும் இதையே கண்டார்கள். ஆயினும் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பார்பி பொம்மை செய்யும் மட்டெல் நிறுவனம் என்பதையும், பொம்மையை ஒப்பிட்டது டப்லெட்டோடு மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. பாவனை விளையாட்டுத்தான் பிள்ளையின் திறன்களை வளர்க்கிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று 2013இல் வந்த விரிவான மீளாய்வு ஒன்று எச்சரித்தும் இருக்கிறது. எனவே பொம்மையை மருந்துபோல் கருதி வலிந்து கொடுக்க வேண்டாம். தானாக எடுத்து விளையாடுகிறவனிடம் பறிக்கவும் வேண்டாம்.

அவன் பொம்மைக்கு ஏசி அடிப்பதுதான் உங்களை உள்ளூர உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அது கொடூரத்தின் அறிகுறி அன்று. முன்பள்ளியிலோ வீட்டிலோ தான் வாங்கிய ஏச்சை, இம்முறை ஏசுகிறவரின் இடத்தில் நின்று அவன் நடித்துப் பார்க்கிறான். வரப்போகும் தம்பியையோ தங்கச்சியையோ பற்றிய கலக்கமும் அதில் கலந்திருக்கக் கூடும். “அப்படி அடிக்கக் கூடாது” என்று குறுக்கே போனால் விளையாட்டு நின்றுவிடும், நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியதும் அத்தோடு மறைந்துவிடும். பக்கத்தில் இருந்து, “பிள்ளை ஏன் அழுகுது?” என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் கதையை அவனே கொண்டுபோக விடுங்கள், வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கழுத்தைத் தாங்கித் தூக்குவது எப்படி, மெதுவாகத் தொடுவது எப்படி என்பவற்றையும் வரும் மூன்று மாதத்தில் இதே பாவைப்பிள்ளையில் காட்டிக்கொடுக்கலாம். ஆனால் உண்மைக் குழந்தை வந்த பிறகு அவனைக் குழந்தையோடு தனியே விடக் கூடாது.

மகள் பொம்மையை விட்டதும் இயல்பானதே. ஆனால் அவள் விளையாடிய நாட்களில் உடுப்பு மாற்றுவதும் சோறு ஊட்டுவதும் மட்டும்தான் அவளுக்குக் கிடைத்தனவா என்று யோசியுங்கள். பெண் பிள்ளைக்கும் பொம்மை, தாய்மைப் பயிற்சிக்கென்று கொடுக்கப்படுவதன்று. தம்பியின் லொறியில் பொம்மையை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வைத்தியர் வேலையை அவளுக்குக் கொடுத்தால், இருவரும் ஒன்றாக இருப்பார்கள்.

அப்பப்பாவோடு பிள்ளைக்கு முன்னால் வாதாட வேண்டாம். நம்முடைய பிள்ளைத்தமிழே ஆண் குழந்தையைச் சிறுதேர் உருட்டவும், சிறுபறை முழக்கவும், சிறுமியர் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைக்கவும்தானே பாடிவைத்திருக்கிறது. அவருடைய எண்ணம் அவர் ஒருவருடையது அன்று. குரும்பட்டித் தேரும் பனங்காய் வண்டிலும் செய்யப் பேரனுக்கு அவர் பழக்கட்டும். அந்தத் தேரில் பாவைப்பிள்ளையை ஏற்றுவதா என்பதைப் பேரன் பார்த்துக்கொள்வான்.

புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. பழைய சேலைத் துண்டில் சுற்றிக் கட்டிய பொம்மையும் போதும். பேசும், பாடும் பொம்மையாயின் மின்கலப் பெட்டி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் வடிவச் சிறு மின்கலத்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம் என்பதால், சந்தேகம் வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கழன்று வரும் கண், பொத்தான், மணி உள்ள பொம்மைகள் 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆகாதவை.

எந்தப் பொம்மையை எடுக்கிறான் என்பதைவிட, பாவனை விளையாட்டே இல்லாதிருப்பதுதான் கவனிக்க வேண்டியது. இரண்டரை வயதாகியும் எதையும் பாவனையாகச் செய்யாமல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், விரல் நீட்டிக் காட்டாமல், பேச்சும் பின்தங்கியிருக்கும் பிள்ளையை, ஆணாயினும் பெண்ணாயினும், உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காட்ட வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் தென்படவில்லை.